சுவருக்குள் போன வயர்

அத்தியாயம் ஆறு

“மாப்பிள்ளை எங்கேயோ சின்ன வீடு வெச்சிருக்கான். எங்கேன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார் அண்ணன். என் அண்ணன் அல்ல. எதிர் சோபாவின் ஓரத்தில், தன் வீட்டிலேயே விருந்தாளி போல ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு அண்ணன். அம்மாவின் கணவர் காணாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலையில் வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினவர், ‘என்னைத் தேட வேண்டாம், நான் நன்றாக இருப்பேன்’ என்று போனில் ஒரு வரி அனுப்பிவிட்டு எண்ணையே மாற்றிவிட்டாராம்.

“ஆள் என்ன வேலை?” என்றார் டீச்சர்.

“பல் செட் செய்யறவன். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் குடுத்துட்டு, கடைசியில எங்க வாயில மண்ணைப் போட்டுட்டான்.”

டீச்சர் என்பது என் முதலாளியம்மாவின் பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர், பிள்ளைகள் தப்பு விடையோடு தப்பான வழியையும் மறைப்பதைப் பார்த்துப் பார்த்துத் துப்பறிய வந்துவிட்டார். என் பட்டப்பெயர் கடுகு. நான் குள்ளம் என்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். சூடான இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன் என்பதால்தான் என்பது டீச்சரின் கட்சி.

“போலீசுக்குப் போனீங்களா?” என்று கேட்டேன்.

“போனேன். தானா வீட்டை விட்டுப் போன ஆளை நாங்க என்ன பண்றதுன்னு கையை விரிச்சுட்டாங்க.”

டீச்சர் அண்ணனை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீங்க என்னம்மா நினைக்கறீங்க?”

அம்மா விரல்களைப் பின்னிப் பிரித்தார். “அவர் சாயங்காலம் வந்துட்டுத்தான் போறாரு,” என்றார் மெல்ல.

“பாத்தீங்களா?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு மாசமா இதே பேச்சு. அவனால இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு.”

டீ குடித்துவிட்டுப் போகிறாரா, குடிக்காமலா என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. டீச்சர் பார்த்த பார்வையில் அதை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

“போறதுக்கு முந்தி வீடு பூரா சுவரை நோண்டினான்,” என்று அண்ணன் தொடர்ந்தார். “ஆள் வெச்சுச் செய்டான்னா கேக்கல. ரூமுக்கு ரூம் வயர் சொருகற ஜாக். இன்டர்நெட்டுக்கு ஒண்ணு, டி.வி.க்கு ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ஒண்ணு. ஓடிப் போறவன் எதுக்குய்யா இதெல்லாம் மாட்டணும்?”

“நல்ல கேள்வி,” என்றார் டீச்சர். “அந்தக் கேள்விக்குப் பதில் சுவர்லதான் இருக்கும். கடுகு, ஸ்க்ரூ டிரைவரை எடு.”

ஹாலில் ஆரம்பித்தோம். சுவரோடு ஒட்டிய வெள்ளைத் தகடு. அதில் மூன்று ஓட்டைகள், மேலும் கீழும் ஒவ்வொரு ஸ்க்ரூ. டீச்சர் தகட்டைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைப் பார்த்தார். இரண்டின் தலையிலும் இருந்த வெட்டுக்கோடு கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது போல நேராக நின்றது. டி.வி.க்குப் பின்னாலும் அப்படியே. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் அப்படியே.

“யாருமே குனிஞ்சு பார்க்காத இடம். அங்கேயும் நேரா நிறுத்தியிருக்கார்,” என்றார் டீச்சர்.

“அவர் அப்படித்தாங்க,” என்றார் அம்மா. அண்ணன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

தகட்டைக் கழற்றி வயரை வெளியே இழுத்தேன். வயரின் தோலில் மீட்டருக்கு மீட்டர் ஓர் எண் அச்சடித்திருந்தது, தையற்காரர் டேப்பில் இருப்பது போல. ஒரே பெட்டியிலிருந்து இழுத்து வெட்டி, இழுத்து வெட்டிப் போட்டால் ஒரு துண்டு எந்த எண்ணில் முடிகிறதோ அங்கேதான் அடுத்த துண்டு ஆரம்பிக்கும். எல்லா அறை வயர்களும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையை அந்தப் பெட்டியிலும் வைத்துப் பார்த்தால், எந்த அறைக்கு முதலில் வயர் போனது, எது கடைசி என்று வரிசை போட்டுவிடலாம். டீச்சர் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தும்மினேன்.

“முதல்ல ஹால். அப்புறம் படுக்கை ரூம். அப்புறம் சமையலறை. கடைசியா கேட்ல இருக்கற கேமரா,” என்றார். “இப்ப அதே வரிசையில ஸ்க்ரூவைப் பார்.”

படுக்கை அறையில் ஒரு ஸ்க்ரூ லேசாகச் சாய்ந்திருந்தது. சமையலறையில் இரண்டுமே சாய்ந்திருந்தன, தகட்டின் மேல் கீறல்களும் இருந்தன. கேட்டுத் தூணில் கேமராவைத் தாங்கியிருந்த மூடியில் ஸ்க்ரூவின் தலையே கடித்துக் குதறியது போலச் சிதைந்திருந்தது.

“காதல் வந்தா கை நடுங்கும் டீச்சர். நமக்கு அனுபவம் இருக்கு,” என்றேன்.

“கை நடுங்கினது உண்மை,” என்றார் டீச்சர்.

மாடிப்படிக்கு அடியில் மிச்ச வயரோடு ஒரு அட்டைப் பெட்டி கிடந்தது. அந்த வயரின் நுனியிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு டீச்சர் புருவத்தைத் தூக்கினார். கேமரா வயர் முடிந்த எண்ணுக்கும் இதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. ஒரு பெரிய அறைக்குத் தாராளமாகப் போதுமான வயர் அந்த வீட்டின் எந்தச் சுவரிலும் இல்லை.

“அப்ப வேற சுவருக்குப் போயிருக்கு,” என்றேன்.

அண்ணனுக்குக் குஷி தாங்கவில்லை. “நான் சொல்லல? சின்ன வீட்டுக்கு வயரிங் பண்ணிக் குடுத்திருக்கான், பாவி!”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அண்ணனைக் கண்டுகொள்ளாமல் பின்பக்கத்து அறையின் கதவைத் தள்ளினார். அந்த அறையில் மட்டும் ஒரு ஜாக்கும் இல்லை. ஆனால் ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. தரை பளபளத்தது. நடுவில் ஒரு கட்டில், அதில் புது விரிப்பு, பக்கத்தில் ஒரு நாற்காலி.

“இது யார் ரூம்மா?”

“எங்க அத்தை ரூம். அவரோட அம்மா. வருஷக் கணக்கா இங்கேதான் படுத்த படுக்கையா இருந்தாங்க.”

“யாராவது வர்றாங்களா? கட்டில் தயாரா இருக்கே?”

“சும்மா போட்டேன்,” என்று அம்மா விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டார். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வெயில் சாயச் சாய அம்மாவிடம் ஒரு பரபரப்பு தெரிந்தது. ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நேரமாச்சுங்க. நாளைக்குப் பேசலாமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் திரும்பி வந்தார். நீலப் புடவை, வெளியே போவதற்கென்று எடுத்து வைத்திருப்பது. தலையைப் படிய வாரியிருந்தார். கொஞ்சம் பவுடர் கூட. கையில் போனை வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து, கேமரா இல்லாத எதிர்த் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன். கேமராவில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மூடியை நான் தடவிப் பார்த்தபோது எரிந்த ஞாபகம் இல்லை.

“டீச்சர், அய்யா மட்டும் இல்ல, அம்மாவும் யாருக்கோ காத்திருக்காங்க போல. இந்தக் கேஸ்ல ரெண்டு சின்ன வீடு.”

டீச்சரும் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக என் ஜோக்குக்கு ஒரு குட்டாவது விழும். அன்றைக்கு அதுவும் விழவில்லை.

*

வயர் பெட்டியில் ஒரு எலக்ட்ரிகல் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் அங்கே போய் நின்றோம். அம்மாவிடம் வாங்கி வந்த கணவரின் போட்டோவைப் பார்த்ததும் கடைக்காரர் சிரித்தார்.

“இவரா! ஒரு தகடு வாங்க ஒன்பது தகட்டைத் திருப்பிப் பார்ப்பாரு. ஜாக்கை வாங்கினா உள்ளே பித்தளை முள்ளு நேரா இருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாரு. பல்லு வேலை செய்யற ஆளுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“கடைசியா எப்ப வந்தார்?” என்றார் டீச்சர்.

“ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். டி.வி. மாட்டற ஸ்டாண்டு, ஸ்பீக்கர் வயர், டி.வி. வயர், கொஞ்சம் ஜாக். ஆனா அன்னைக்கு ஆள் சரியில்லீங்க.” கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “காலங்காத்தாலேயே நாக்கு குழறிச்சு. தண்ணி போட்டுட்டு வந்திருக்காருன்னு நினைச்சேன். வாசனை இல்ல, ஆனா பேச்சு அப்படித்தான் இருந்துச்சு. பெட்டியைத் தூக்கப் போனவரு அப்படியே கீழே வெச்சுட்டாரு. அதுக்கு முந்தி வயர்ப் பெட்டியையே தோள்ல போட்டுக்கிட்டுப் போன மனுஷன்! அப்புறம் நம்ம வண்டியிலதான் கொண்டு போய்க் குடுத்தோம்.”

“அவர் வீட்டுக்கா?”

“இல்லீங்க. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி செங்கல் கட்டடம் ஒண்ணு இருக்கில்ல, அதுல கீழ் வரிசையில கடைசிக் கதவு.” கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “வண்டிக்காரன் வந்து சொன்னான், ஒரு பொம்பளைதான் கதவைத் தொறந்து வாங்கிக்கிட்டாங்களாம்.”

வெளியே வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. “குடி இருக்கு, பொம்பளை இருக்கு, படம் பார்க்க டி.வி. இருக்கு, பாட்டுக்கு ஸ்பீக்கர் இருக்கு. அண்ணனுக்கு ஒரு போன் போட்டா மனுஷன் மீசையிலேயே ஏறி வந்துடுவாரு.”

“அண்ணனுக்குச் சொல்லாதே,” என்றார் டீச்சர். “ஒரு கூட்டல் கணக்கு போடு. முதல்ல நேரா நின்ன ஸ்க்ரூ போகப் போகச் சாயுது. பெட்டியைச் சுமந்த ஆளால ஒரு நாள் பெட்டியைத் தூக்க முடியல. வாசனை இல்லாம நாக்கு குழறுது. கூட்டினா என்ன வருது?”

“குடிகாரன்.”

“குடிகாரனுக்கு இன்னைக்குக் கோணும், நாளைக்கு நேராகும். இவருக்கு ஒவ்வொரு ரூமுக்கும் கூடிக்கிட்டே போயிருக்கு. ஒரு தடவை கூடக் குறையல.”

நான் ஸ்கூட்டரை உதைத்தேன். வழியெல்லாம் ஒரு ஜோக்கும் வரவில்லை.

அந்தக் கடைசிக் கதவு உடனே திறக்கவில்லை. பக்கத்துக் கதவுக்காரர் “மத்தியானம் தூங்குவாங்க, சாயங்காலமா வாங்க” என்று சொன்னதால் டிப்போ வாசலிலேயே உட்கார்ந்து பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தோம். வெயில் தணிந்த பிறகு மறுபடி போய்த் தட்டினோம்.

கதவைத் திறந்தது ஒரு பெண்தான். அவளைப் பார்த்ததும் சொல்ல ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன். அது பயன்படவில்லை. வெள்ளை உடுப்பு, ரப்பர் செருப்பு, மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரம். நர்ஸ்.

டீச்சர் யார் என்ன என்று சொன்னதும் அவள் கதவை அகலத் திறந்தாள். “யாராவது வர மாட்டாங்களான்னு நானே நினைச்சுக்கிட்டிருந்தேன்,” என்று கிசுகிசுத்தாள். “அதிகம் பேச வைக்காதீங்க. இப்பவே ராத்திரியில மூச்சு திணறுது.”

உள்ளே ஒரே அறை. செங்கல் சுவருக்கு ஓரமாய் ஒரு கட்டில். போட்டோவில் பார்த்த மனிதரின் கன்னத்தையும் தோளையும் யாரோ சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எங்கும் தரையோரமாக இருக்கும் ஜாக்குகள் இங்கே கட்டிலின் உயரத்தில், படுத்தவர் கை நீட்டினால் எட்டும்படி இருந்தன. ஸ்பீக்கர்கள் தலையணைக்கு இரு பக்கமும். டி.வி. கூரைக்கு அருகில், முகம் கவிழ்த்து, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி எழுந்து உட்காரவே போவதில்லை என்று தெரிந்தவர் போட்ட வயரிங் அது.

எல்லா ஸ்க்ரூவும் நேராக நின்றன.

“நான்தான் மாட்டினேன்,” என்றாள் நர்ஸ், நான் பார்ப்பதைப் பார்த்து. “படுத்துக்கிட்டே சொல்லுவாரு. கோடு நேரா நிக்கற வரைக்கும் விடமாட்டாரு.”

“மச்சான்... அனுப்பினாரா?” என்றார் அவர். ஒவ்வொரு சொல்லும் தடுக்கித் தடுக்கி வந்தது. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

“உங்க வீட்டம்மா அனுப்பினாங்க,” என்றார் டீச்சர்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நரம்பு. முதல்ல கை. அப்புறம் நாக்கு. கால். கடைசியில மூச்சு.” அடுத்தவர் வாய்க்குப் பல் அளவு சொல்வது போலச் சொன்னார். “மருந்து கிடையாது.”

“அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எங்கம்மாவ அவதான் பாத்தா. தூக்கினா, தொடைச்சா, ஊட்டினா. அவ இடுப்பு போச்சு, தூக்கம் போச்சு. அம்மா போன அன்னைக்கு அந்த ரூம் வாசல்ல உக்காந்து சொன்னா. ‘இந்த வீட்டுல இன்னொரு படுக்கையை என்னால பாக்க முடியாதுங்க’ன்னு.” மூச்சு வாங்கினார். “அதுக்கு அடுத்த மாசம், டாக்டர் எனக்குச் சொன்னாரு.”

நர்ஸ் அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

“அதுக்காக வேற ஒருத்தியோட ஓடிட்டீங்கன்னு எல்லாரும் பேசட்டும்னு விட்டுட்டீங்களா?” என்று நான் கேட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

“திட்டிட்டு மறந்துடலாம்,” என்றார் அவர். “பாத்துக்கிட்டே இருக்கறதுதான் முடியாது. தயவு பண்ணி அவகிட்ட சொல்லாதீங்க. என்னைப் பாக்கலன்னு போய்ச் சொல்லிடுங்க. அவ இப்பதான் கொஞ்சம் நல்லா இருக்கா.”

“நல்லா இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மார்பின் மேல் கிடந்த ரிமோட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, கட்டை விரலை வெகு நேரம் தேடி ஒரு பொத்தானின் மேல் வைத்தார். டி.வி. விழித்துக்கொண்டது. அதில் இன்டர்நெட் வழியே வந்த ஒரு தெரு. ஒரு கேட். நாங்கள் நேற்று நின்ற இடம்.

கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. நீலப் புடவையில் அம்மா வந்து எதிர்த் தூணில் சாய்ந்து நின்றார்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த மெலிந்த கன்னத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை, இருந்தும் வந்தது. “பாத்தீங்களா? தினமும் இந்த நேரத்துக்கு நல்லதா உடுத்திக்கிட்டு வந்து நிப்பா. முன்னே எல்லாம் துணியைப் பத்திக் கவலையே பட மாட்டா. யாருக்கோ காத்திருக்கா போல. இருக்கட்டும். அவளுக்கும் ஒரு துணை வேணும்.”

கேமராவிலிருந்து தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் தலையணை ஸ்பீக்கர்களில் கேட்டது.

“ஒரே ஒரு நாள்தான் கோபம் வந்துச்சு,” என்றார் அவர். “நல்ல மழை. குடைகூட இல்லாம நின்னா. எவன்டா இவளை மழையில நிக்க வெக்கறவன்னு திட்டினேன். அன்னைக்கு மாத்திரையில அப்படியே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா, அப்பவும் நனைஞ்சுக்கிட்டு அங்கேயேதான் நின்னா. அவன் வரவே இல்ல.”

டீச்சர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மக்குப் பையன்களிடம் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பார் என்று தோன்றியது.

“அந்தக் கேமராவை நீங்கதானே மாட்டினீங்க?”

“ஆமா.”

“வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?”

“உள்ளே... டி.வி.யில பாத்தேன்.”

“நீங்க உள்ளே படத்தைப் பாக்கறப்போ, வெளியே கேமராவுக்கு முன்னாடி யாராவது நின்னாங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல. நான் ஒத்தை ஆள்.”

“அதுல ஒரு சின்ன விளக்கு இருக்கு,” என்றார் டீச்சர். “இந்தப் பக்கம் யாராவது பாத்துக்கிட்டிருந்தா மட்டும் பச்சையா எரியும். பாக்காதப்போ அணைஞ்சு இருக்கும். பாக்கறவங்களுக்கு அது தெரியாது. எதிர்ல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் டி.வி.யைப் பார்த்தார். அம்மா தூணில் சாய்ந்தபடி நிமிர்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவின் இந்த முனையையும் பார்க்கவில்லை, அந்த முனையையும் பார்க்கவில்லை.

“நேத்து அவங்க எங்ககிட்ட சொன்னாங்க,” என்றார் டீச்சர். “‘அவர் சாயங்காலம் வந்துட்டுத்தான் போறாரு’ன்னு. அண்ணன் அதட்டினதும் நிறுத்திக்கிட்டாங்க. விளக்கைப் பத்திச் சொன்னா அண்ணன் கேமராவையே கழட்டி எறிஞ்சுடுவாருன்னு பயந்திருப்பாங்க. அவங்க யாருக்கும் காத்திருக்கலை. உங்க கண்ணுல படறதுக்குத்தான் வந்து நிக்கறாங்க.”

“மழை...” என்றார் அவர். அவ்வளவுதான் வந்தது.

“அன்னைக்கு நீங்க டி.வி.யை அணைக்காமத் தூங்கிட்டீங்க. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அவங்களும் உள்ளே போகலை.”

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சுவரில் இருந்த ஸ்க்ரூக்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் தன் போனில் அம்மாவின் எண்ணை எடுத்து, அவருடைய கைக்கு அடியில் வைத்தார். “என்னைப் பொறுத்தவரை எனக்கு வேலை குடுத்தது அவங்கதான். நியாயமா நான்தான் சொல்லணும். ஆனா இதை நான் சொல்ல மாட்டேன். கூப்பிடறதும் விடறதும் உங்க இஷ்டம்.”

அவர் கட்டை விரல் மெல்ல நகர்ந்தது. போன் திரையின் மேல் வந்து பட்டது. அழுத்தத் தெம்பில்லை. மறுபடி பட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, அவர் விரலுக்கு மேல் என் விரலை வைத்து அழுத்தினேன்.

டி.வி.யில் அம்மா துள்ளி விழுந்து கையிலிருந்த போனைப் பார்த்தார். காதில் வைத்தார். நான் போனின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

“ஹலோ?”

அவர் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும்தான் போனது.

டி.வி.யில் அம்மா மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். “நீங்கதானே?” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “பேச வேணாம். கஷ்டப்படாதீங்க. எனக்குத் தெரியும்” என்றார்.

அவர் தலையை ஆட்ட முயன்றார். அம்மாவுக்கு அது தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை.

“சாப்பிடறப்போ கரண்டி நழுவினப்பவே எனக்குத் தெரியுங்க. நீங்க தூங்கினப்புறம் உங்க விரல் துடிக்கறதைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லாமலே போயிட்டீங்க.” தூணைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு அத்தை போன அன்னைக்கு, நான் களைச்சுப் போய் என்னத்தையோ சொன்னேன். அதையா மனசுல வெச்சுக்கிட்டீங்க? நான் உங்களையா சொன்னேன்?”

நர்ஸ் விம்மினாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அத்தை ரூம்ல கட்டில் போட்டு வெச்சிருக்கேங்க. ஜன்னல் எல்லாம் தொறந்துதான் வெச்சிருக்கேன். வீடு பூரா வயர் இழுத்தீங்க, அந்த ஒரு ரூமுக்கு மட்டும் இழுக்காம விட்டுட்டுப் போயிட்டீங்களே. அங்கே உங்களுக்கு டி.வி.கூடப் பாக்க முடியாதே.”

அதற்கு மேல் அவரால் அம்மாவைப் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு கைகளும் ரிமோட்டின் மேல் சரிந்தன. டி.வி. அணைந்துவிட்டது. அறை இருண்டது.

“ஐயோ, அணைக்காதீங்க!” என்று போன் அலறியது. “விளக்கை அணைக்காதீங்க. நான் இன்னும் இங்கேதான் நிக்கறேன்.”

நான் பாய்ந்து ரிமோட்டை எடுத்தேன். இருட்டில் சரியான பொத்தான் கிடைக்கக் கொஞ்சம் நேரமானது. டி.வி. எரிந்தபோது அம்மா எதிர்த் தூணில் இல்லை. கேமராவுக்கு நேர் கீழே வந்து, அதைத் தொட்டுவிடுவது போல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

டீச்சர் போனை எடுத்தார். பஸ் டிப்போவையும் செங்கல் கட்டடத்தையும் கடைசிக் கதவையும் நிதானமாகச் சொன்னார். “எழுதிக்க ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார்.

“வேணாங்க,” என்றது குரல். “மறக்காது. நான் வந்து சேர்ற வரைக்கும் அணைக்க வேணாம்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க.”

டி.வி.யில் கேட் திறந்தே கிடந்தது. அம்மா பூட்டாமல் போய்விட்டார். கட்டிலில் இருந்தவர் மறுபடி டி.வி. பக்கம் திரும்பி, யாருமில்லாத அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் ரிமோட்டை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.